சோதனை: இல்லை

ஜூலை 3, வியாழன்

அம்மா காலை ரயிலில் சேலம் போய்விட்டாள். அக்காவுக்கு இது ஒன்பதாம் மாதம். ஆவணி வரைக்கும் சிங்காநல்லூர் வீட்டில் நானும் அப்பாவும்தான். கிளம்பும்போது அடுப்பைப் பற்றி அப்பாவுக்கும், அப்பாவைப் பற்றி எனக்கும் புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

அலுவலகத்தில் வேறு கதை. நாங்கள் நடத்துவது கல்யாண வரன் தளம். கம்ப்யூட்டரில் திறக்கிற வெப் ஒன்று, போனில் ஆப் ஒன்று, இரண்டிலும் அதே வரன்கள்தான். எங்கள் முதலாளி சாந்தாமணி மேடம் இன்று எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். 'விருப்பம்' பட்டனை அமுக்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆப்பில் இருக்கிறார்களாம். வெப்புக்கு வருகிறவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்களாம். ஆடி முடிவதற்குள், வெப்பை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறார்.

வெப் என்றால் பூபதி. அதை எழுதுவதும் பார்த்துக்கொள்வதும் அவர் ஒருவர்தான். மூடினால் அவருக்கு இங்கே வேலையில்லை. ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, போய்விடுவார்.

கணக்குப் பார்ப்பது என் வேலை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு விதமாகப் பதிவு செய்கிறார்கள், இதை வைத்துக்கொண்டு ஒப்பிடவே முடியாது என்று எழுந்து சொல்லிவிட்டேன். அப்படியானால் ஒப்பிடுகிற மாதிரி செய்து கொடு என்று மேடம் என் தலையிலேயே கட்டிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பூபதி போனால் எனக்கென்ன. காபி மெஷினில் பால் தீர்ந்துவிட்டது என்று வந்து சொல்ல ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

ஜூலை 4, வெள்ளி

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பொங்குகிறதா என்று பார்க்கத்தானே சொன்னாய், நிறுத்தச் சொல்லவில்லையே என்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

பெயர் வைக்கும் கூட்டம். நான், பூபதி, ஆப் எழுதுகிற ரியாஸ்.

ஒருவர் எங்கள் தளத்தில் எதைச் செய்தாலும் அது ஒரு வரியாகப் பதிவாகும். யார், என்ன செய்தார், எப்போது, எதிலிருந்து. இதை நாங்கள் நிகழ்வு என்போம். ஒரு வரனின் பக்கத்தைத் திறப்பதற்கு வெப்பில் ஒரு பெயர், ஆண்ட்ராய்டில் ஒரு பெயர், ஐபோனில் இன்னொரு பெயர். ஒரே பிள்ளைக்கு மூன்று வீட்டில் மூன்று பெயர் வைத்துக் கூப்பிடுகிற மாதிரி. பெயராவது போகட்டும், எண்ணுவதே வேறு வேறு. ரியாஸின் ஆப்பில் விரல் பட்டாலே ஒன்று. சிக்னல் இல்லாமல் ஒருவர் நான்கு தடவை அமுக்கினால் நான்கு விருப்பம். பூபதியோ, செய்தி எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒன்று என்று எழுதுவார். அவ்வளவு நிதானம். அவர் இட்லி சாப்பிடுவதைப் பார்த்தாலே தெரியும்.

இனிமேல் எல்லா இடத்திலும் ஒரே பெயர், போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு என்று எழுதினேன். ரியாஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் எண்ணிக்கை குறையும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நியாயம் என்று ஒப்புக்கொண்டான், நல்ல பையன்.

பெயர்களை எப்படி வைப்பது என்பதில்தான் எனக்கும் பூபதிக்கும் ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை. நான் திரையில் இருக்கிற பட்டன்களை வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பட்டனுக்குப் பேர் வெக்காதீங்க வாணி. பட்டன் நாளைக்கு மாறிப்போயிரும். மனுசன் என்ன பண்ணுனான்னு வெய்யுங்க."

சரியாகத்தான் சொன்னார். ஒப்புக்கொள்ளாமலேயே முதல் விதியாக எழுதிக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

இன்றைய விதி சோதனை பற்றியது. நாங்களே தளத்தைத் தட்டிப் பார்ப்போம் அல்லவா, அதெல்லாம் உண்மையான கணக்கில் கலந்துவிடக் கூடாது. அதனால் அலுவலகத்தார் யார் எதைச் செய்தாலும் அந்த வரியில் 'சோதனை: ஆம்' என்று தானாக ஒட்டிக்கொள்ளும். வெளி ஆள் என்றால் 'சோதனை: இல்லை'. இதில் நான் கறார். போன வருஷம் ரியாஸ் விளையாட்டாக ஒரே நாளில் ஒரு நடிகர் படத்தோடு இருந்த பொய் வரனுக்கு நூறு விருப்பம் அனுப்ப, மேடம் அதை வளர்ச்சி என்று நினைத்து எங்களுக்கு ஜிலேபி வாங்கித் தந்தார்.

அப்படியானால் நம்மில் ஒருவர் நிஜமாகவே வரன் பார்த்தால் என்ன செய்வது என்று பூபதி கேட்டார். வெளி ஆள் மாதிரி சொந்தமாகக் கணக்குத் திறந்து, பணம் கட்டிப் பார்க்கட்டும் என்றேன். அவர் அதையும் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். எதையும் குறித்துக்கொள்வார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அப்பா எனக்கு வரன் தேடுவது ஊரறிந்த விஷயம். மில்லில் இருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே எங்கள் தளத்திலேயே என் பெயரைப் பதிந்துவிட்டார், பணம் கட்டி. மகள் வேலை பார்க்கிற இடம், ஏமாற்ற மாட்டார்கள் என்று நம்பிக்கை. மாதம் இரண்டு தடவை ஏதாவது ஒரு பையனின் தாளை என் டிபன் தட்டுப் பக்கத்தில் வைப்பார். நான் ஏதாவது குறை சொல்லி ஒதுக்கிவிடுவேன். போன முறை அந்தப் பையன் 'பொழுதுபோக்கு: தூங்குவது' என்று எழுதியிருந்தான், அது எனக்கு வசதியாகப் போயிற்று.

காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற பிரௌசிங் சென்டருக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போகச் சொன்னார். போனில் முகமே தெரியவில்லை, பெரிய திரையில்தான் பார்ப்பாராம். சென்டரில் இன்னும் மூன்று நான்கு அப்பாக்கள், எல்லோர் மடியிலும் மஞ்சள் பை. நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஒவ்வொரு வரனாகத் திறந்தார், படித்தார், மூடினார். ஒன்றில் மட்டும் நின்றார். 'விருப்பம்' பட்டன் அவர் மூக்குக்கு நேராகப் பச்சையாக இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. சென்டர்காரரைத் திரும்பிப் பார்த்து, இதைப் பிரிண்ட் போடுங்க என்றார்.

வெளியே வந்து, ஏன் அந்தப் பட்டனை அமுக்கவில்லை என்று கேட்டேன்.

"அதெப்படி கண்ணு? நாம பொண்ணு வீட்டுக்காரங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட, உங்க பையனப் புடிச்சிருக்குன்னு மொட்டையா பட்டன அமுக்கிச் சொல்றதா? பிரிண்ட் எடுத்துட்டுப் போயி ஜோசியர்கிட்டக் காட்டி, பொருத்தம் இருந்தா போன் பண்ணி, உக்காந்து பேசோணும். அதுதான் மருவாதி."

மற்ற அப்பாக்களும் அப்படித்தானா என்று கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் என்றார். பட்டன் அமுக்குவதெல்லாம் பையன்கள் வேலையாம்.

பிரிண்ட் எடுப்பதை நாங்கள் எண்ணுவதே இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்து எழுதிய என் அருமையான திட்டத்திலும் அது இல்லை.

தாளைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கமாயிற்றே என்று சீண்டினேன். மஞ்சள் நீ சரின்னு சொன்னாத்தான் கண்ணு, என்றார். இதுவரைக்கும் ஒரு தாளுக்குக்கூடத் தடவியதில்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

பூபதியிடம் சொன்னேன். கையில் எடுத்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். பிறகு, அந்தப் பிரிண்ட் பட்டனை மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் வைத்தேன், எண்ண வேண்டும் என்று தோன்றவே இல்லை என்றார்.

சாயந்தரத்துக்குள் திட்டத்தைத் திருத்திவிட்டோம். ஆப்பில் விருப்பம் சொல்வதும் வெப்பில் பிரிண்ட் எடுப்பதும் அடிப்படையில் ஒன்றுதான், இருவரும் ஒரு வரனைப் பிடித்துப்போய் அடுத்த அடி வைக்கிறார்கள். அதனால் இரண்டுக்கும் ஒரே நிகழ்வு: 'வரனைத் தேர்ந்தார்'. பக்கத்தில் 'வழி' என்று ஒரு கட்டம், அதில் பிரிண்ட் அல்லது விருப்பம். பெயர் பூபதி வைத்தது. எனக்குப் பிடித்திருந்தது, அதை அவரிடம் சொன்னேன். காது வரை சிவந்துவிட்டார்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது, ஆடியில் எவன் வரன் பார்ப்பான், இந்த மாதக் கணக்கை வைத்து என்ன தெரியும் என்று மேடம் கேட்டார். இதைப் பற்றி வீட்டில் அப்பா சொன்னதையே சொன்னேன். ஆடியில் பேசத்தான் மாட்டார்கள், பார்ப்பதை யார் தடுத்தது? பார்த்து, பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, ஆவணி பிறந்ததும் போனை எடுப்பார்கள். மேடம் என்னையே பார்த்தார். சரி, எண்ணு, ஆனால் ஆகஸ்ட் பன்னிரண்டோடு முடித்துவிடு என்றார்.

இன்று மதியம் முதல் எண்ண ஆரம்பித்தாயிற்று.

ஜூலை 17, வியாழன்

அம்மா போன் செய்தாள். ஆடி முதல் நாள் வழக்கப்படி அங்கே தேங்காய் சுட்டார்களாம். அப்பா இங்கே தோசை சுட்டார். இரண்டும் ஒரே நிறம்தான் இருந்திருக்கும்.

ஜூலை 21, திங்கள்

பிரிண்டில் படத்தின் நெற்றி வெட்டுப்படுகிறது என்று அப்பா நேற்றுப் புகார் சொன்னார். சரிபார்ப்பதற்காக என் பக்கத்தையே பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். நம்ம தாளையே காட்டு, அதுல என்ன தப்பு என்று கையில் திணித்தார்.

பூபதியிடம் கொடுத்தேன். பிழைக்கு மாதிரி வேண்டும் என்பதற்காக மட்டும்தான். அவர் நெற்றியைப் பார்த்தால் போதும். முழுத்தாளையும் படித்தார். சமையல் சுமாராகத் தெரியும் என்று அப்பா எழுதியிருந்த இடத்தில் சிரித்தார். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படிப்பட்ட பிழைக்கு வழக்கமாக ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். மதியச் சாப்பாட்டுக்குள் சரிசெய்துவிட்டார்.

ஜூலை 25, வெள்ளி

எண்கள் வருகின்றன. ஆப்பில் குறைகிறது, வெப்பில் ஏறுகிறது. இன்னும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூபதியிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது, எல்லாக் குடத்தையும் பிடித்து வைத்தோம். பத்து மணிக்குப் பூபதி வந்தார். சூலூரில் இருந்து, ஒரு கட்டு முருங்கைக்காயோடு. பிரௌசிங் சென்டர் பிரிண்டரில் நெற்றி ஒழுங்காக வருகிறதா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். அதற்கு முருங்கைக்காய் எதற்கு என்று கேட்கவில்லை.

அப்பாவும் அவரும் போனவர்கள் ஒரு மணிக்குத்தான் திரும்பினார்கள். நெற்றி நன்றாக வருகிறதாம். எழுத்து பெரிதாக வேண்டும், பிறந்த நேரம் மேலே வர வேண்டும், போன் எண்ணைச் சுற்றிக் கட்டம் வேண்டும் என்று எல்லா அப்பாக்களும் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். பூபதி அத்தனையும் குறித்துக்கொண்டிருக்கிறார்.

எலுமிச்சை சாதம் போட்டேன். உப்பு தூக்கல். அப்பா முகம் சுளித்தார், பூபதி மறுபடி வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு அப்பா கை கழுவிக்கொண்டே, அந்த வெப்பை மூடிட்டா இந்தப் பையன் எங்க போவான், என்றார். ஹைதராபாத் என்றேன். அவ்வளவு தூரமா, என்றார். ஆமாம், தூரம்தான். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கூட்டம் முடிந்தது.

விரல் பட்டதை எல்லாம் கழித்து, பிரிண்டை எல்லாம் சேர்த்து, இரண்டு பக்கத்தையும் ஒரே பெயரில் ஒரே கட்டத்தில் போட்டுக் காட்டினேன். வரனைத் தேர்ந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெப்பில் இருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல். ரியாஸே எழுந்து, என் எண்ணிக்கை முன்னால் ஊதிப்போய் இருந்தது மேடம், இப்போது இருப்பதுதான் நிஜம் என்று சொன்னான். அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மேடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப இத்தனை நாளா வேடிக்கை பாக்க வந்தவங்கன்னு நான் சொன்னது, பொண்ணப் பெத்தவங்களையா?"

வெப் இருக்கட்டும், பிரிண்ட் பட்டனைப் பெரிதாக மேலே வையுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சந்தோஷமாக இருக்கிறது. திட்டம் ஜெயித்ததற்காக.

சாயந்தரம் பூபதியிடம், ஹைதராபாத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். ஆடி முடியட்டுமுங்க, சொல்றேன், என்றார். வேலைக்கு என்ன ஆடி ஆவணி? எரிச்சலாக வந்தது. வெப்பைக் காப்பாற்ற நான் மண்டையை உடைத்துக்கொண்டது இவர் நாள் நட்சத்திரம் பார்ப்பதற்கா? பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. களைப்புதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. அக்காவுக்குப் பெண் குழந்தை. அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன், இந்தத் தடவை உப்பு சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று ஆவணி பிறந்தது. காலையில் வந்ததும் வழக்கம்போல் நேற்றைய வரிகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். அப்பா சொன்னது சரி, ஒரே நாளில் குவிந்திருந்தது. மேலிருந்து படித்துக்கொண்டு வந்தவள் ஒரு வரியில் நின்றேன்.

நிகழ்வு: வரனைத் தேர்ந்தார். தளம்: வெப். வழி: பிரிண்ட். வரன் எண் என்னுடையது. அப்பா தினமும் முணுமுணுக்கிற எண், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தேர்ந்தவர் பெயர், சூலூர் பூபதிராஜ். கணக்குத் திறந்த நாள், நேற்று. பணம் கட்டியாயிற்று. கடைசிக் கட்டத்தில், சோதனை: இல்லை.

முதலில் பிழை என்றுதான் நினைத்தேன். அலுவலகத்துக் கணக்கு என்றால் 'ஆம்' ஒட்டாமல் போகாது. 'இல்லை' என்று வர ஒரே வழிதான் இருக்கிறது, அந்த வழியைச் சொன்னதே நான்தான். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. இவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை இந்த டைரியில்கூட நான் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். பிடிக்கும். ரொம்பவும்.

அவர் மேஜைக்குப் போனேன். அவர் திரையைப் பார்ப்பது போல இருந்தார், திரை அணைந்திருந்தது.

"நேத்து ஒரு வரியில சோதனைன்னு வரல பூபதி."

"வராதுங்க."

"கணக்குல சேத்துக்கவா?"

"சேத்துக்குங்க. ஹைதராபாத்துக்கு நேத்தே இல்லைன்னு எழுதிட்டனுங்க." கொஞ்சம் நிறுத்தி, "பட்டன அமுக்கியிருக்கலாம். உங்கப்பா அது மருவாதி இல்லைன்னாரு," என்றார்.

என் இடத்துக்கு வந்து அவருடைய பக்கத்தைத் திறந்தேன். 'பதிந்தவர்: வரனே' என்று இருந்தது. சமையல் என்ற இடத்தில், உப்பு அதிகமானாலும் சாப்பிடுவேன் என்று எழுதியிருந்தார். அலுவலகக் கணக்கில் நான் எதைச் செய்தாலும் சோதனை ஆகிவிடும். அதனால் ஒன்றையும் தொடாமல் வரன் எண்ணை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கையை நீட்டினேன். நாளைக்கு சென்டருக்குப் போகும்போது இந்த எண்ணைப் பிரிண்ட் எடுத்து வாங்கப்பா என்றேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, என் விரலைப் பிடித்து எண்ணைப் படித்தார். யார் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கையை விடாமலே நின்றார்.

"மஞ்சள் தடவட்டுமா கண்ணு?"

"தடவுங்கப்பா."